தோளில் பட்டும் ஆழம் போகாத குண்டு: ரைஃபிளை மாற்றுவதா, குண்டை மாற்றுவதா?

மலையோரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்றுப் பெரிய மான் இனங்களை வேட்டையாடத் தொடங்கி எனக்கு ஆறு பருவங்கள் ஆகின்றன. இந்தப் பருவத்தில் நடந்த ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் ரைஃபிள். மேக்னம் என்றால் வழக்கத்தைவிட வேகமாகக் குண்டைச் செலுத்தும் தோட்டா வகை. அதில் நான் பயன்படுத்தியது 150 கிரெய்ன் (ஏறத்தாழ 9.7 கிராம்) எடையுள்ள, உடலில் பட்டதும் விரியும் சாதாரண விரிகுண்டு. ஈயக் கருவின் மேல் மெல்லிய செம்பு உறை போர்த்திய பழைய வகை. குழலை விட்டுப் புறப்படும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3,100 அடி. எல்க் எனும் பெரிய மான் இனத்தின் முதிர்ந்த ஆண் ஒன்று மரங்களுக்கு இடையே, சுமார் 60 மீட்டர் தொலைவில், முழுப் பக்கவாட்டாக இல்லாமல் என்னை நோக்கிச் சற்றுத் திரும்பியபடி நின்றது. தோளின் நடுவே குறிவைத்துச் சுட்டேன். முன்பக்கம் ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்து மூன்று காலில் ஓடி மறைந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தடம் பிடித்துப் போனபோது, ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி, தலையை நிமிர்த்தி, உயிரோடு படுத்திருந்தது. இரண்டாவது குண்டில் முடித்தேன். அதற்கு இடைப்பட்ட நேரம் முழுவதும் அந்த விலங்கு பட்ட துன்பத்துக்கு நானே பொறுப்பு.

தோலுரித்தபோது கண்டதை அப்படியே எழுதுகிறேன். முதல் குண்டு நுழைந்த பக்கத்தில் தோள் எலும்பு நொறுங்கி, அதைச் சுற்றியிருந்த சதை கையகலத்துக்கு மேல் இரத்தக் கூழாகிக் கிடந்தது. உள்ளே விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது. அந்தப் பக்கத்து நுரையீரலின் விளிம்பில் மட்டும் சில ஈயத் துணுக்குகள் பதிந்திருந்தன. மறுபக்க நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஒரு கீறலும் இல்லை. குண்டில் மிஞ்சியது சுருண்டுபோன செம்பு உறையும் அதன் அடியில் ஒட்டியிருந்த சிறிது ஈயமும்தான். நிறுத்துப் பார்த்தேன், 54 கிரெய்ன்.

உடன் வந்தவர்கள், எல்க்குக்கு இந்த ரைஃபிள் போதாது, இன்னும் பெரிய .300 அல்லது .338 மேக்னத்துக்கு மாறு என்கிறார்கள். உண்மையிலேயே விசை குறைவா, குண்டின் குறையா, அல்லது நான் குறிவைத்த இடமே தவறா? மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கருங்காலி எழுதியது:

நண்பரே, மிஞ்சிய துண்டை எடுத்து நிறுத்துப் பார்த்தீர்கள் அல்லவா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 150 கிரெய்னில் 54 என்றால் 36 சதவீதம். மீதி எடை முழுவதும் நீங்கள் சொன்ன அந்த இரத்தக் கூழுக்குள் துணுக்குகளாகச் சிதறிவிட்டது. தனித்தனித் துணுக்கு ஒவ்வொன்றும் எடை குறைந்தது; எடை குறைந்த துணுக்கு சதைக்குள் விரைவில் வேகம் இழந்து நின்றுவிடும். ஆழம் போகத் தேவையான ஒரே பொருள் உங்கள் குண்டிடம் மிஞ்சவில்லை.

இது விசைக் குறைவால் வந்தது அல்ல. சொல்லப்போனால் அதற்கு நேர் எதிர். 60 மீட்டரில் உங்கள் குண்டு விநாடிக்கு 3,000 அடிக்கு மிக அருகிலான வேகத்தில் பட்டிருக்கும். ஆற்றல் கணக்கில் அது ஏறத்தாழ 3,000 அடி-பவுண்டு. அதே குண்டு 250 மீட்டரில் பட்டிருந்தால் வேகம் 2,600 அளவுக்கு இறங்கி, ஆற்றலும் 2,250 அளவுக்குக் குறைந்திருக்கும். ஆனால் அந்தக் குறைந்த ஆற்றலோடு பட்ட குண்டுதான் பெரும்பாலும் சிதறாமல் காளானாக விரிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் ஆழமாகப் போயிருக்கும். மெல்லிய உறை போர்த்திய குண்டுகள் மிதமான வேகத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. மேக்னம் வேகத்தில், கிட்டத்தில், கனத்த எலும்பின் மேல் மோதும்போது உறை கிழிந்து ஈயம் பிரிந்துவிடுகிறது. நீங்கள் .300 மேக்னம் வாங்கி அதிலும் இதே வகைக் குண்டைப் போட்டால், இதே காட்சியை இன்னும் சற்றுப் பெரிய அளவில் காண்பீர்கள்.

ஆற்றல் எண்ணை வைத்து ரைஃபிளை எடைபோடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் மூஸ் எனும் மிகப் பெரிய மான் வேட்டைக்கு உள்ள விதியைப் பாருங்கள். குண்டு 9 கிராமுக்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் 2,700 ஜூல் இருக்க வேண்டும். ஆனால் குண்டின் எடை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூலே போதும். கனமான குண்டுக்குச் சட்டமே ஆற்றலில் சலுகை தருகிறது. உங்கள் 150 கிரெய்ன் குண்டு 9.7 கிராம், 100 மீட்டரில் அதனிடம் 3,700 ஜூலுக்கு மேல் இருக்கும். எல்க்கைவிடக் கனத்த மூஸுக்கே தாராளமாகப் போதும் ஆற்றல் அது. குறைந்தது ஆற்றல் அல்ல, அதை உள்ளே சுமந்து செல்லும் பொருள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய விலங்கு குண்டின் அதிர்ச்சியால் சாவதில்லை. மூளையோ தண்டுவடமோ தாக்கப்பட்டால் ஒழிய, அது சாவது இரத்த இழப்பால்தான். குண்டு கடக்கும்போது சதை ஒரு கணம் பலூன்போல விரிந்து மீள்கிறது. நுரையீரல் பஞ்சுபோல நெகிழும் தன்மை உடையதாகையால் அந்த விரிவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கல்லீரல் தாங்காமல் கிழிந்துபோகும். நாம் நம்பக்கூடியது குண்டு தன் வழியில் நசுக்கிச் செல்லும் நிலையான துளையை மட்டுமே. அந்தத் துளை இரண்டு நுரையீரலையும் கடந்தால் இரத்த அழுத்தம் சடுதியில் விழும். இதயமே நின்றாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு விலங்கு பத்துப் பதினைந்து விநாடி ஓட முடியும். ஆகவே நன்றாகப் பட்ட எல்க் நூறு மீட்டர் ஓடி விழுந்தால் அதில் வியப்பில்லை. ஒரு நுரையீரலின் விளிம்பில் மட்டும் பட்டது 400 மீட்டர் போய் உயிரோடு படுத்திருப்பதிலும் வியப்பில்லை.

பழந்தடம் எழுதியது:

கருங்காலி அவர்கள் குண்டைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. நான் உடற்கூறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் தம்பி கேட்ட மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

சுட்ட ஒவ்வொரு விலங்கையும் அறுக்கும்போது, உள்ளுறுப்புகளை இழுத்துப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, குண்டு போன வழியை விரலாலும் ஒரு மெல்லிய குச்சியாலும் தொடர்ந்து பார்ப்பது என் வழக்கம். முதல் முறை அப்படிப் பார்த்தபோது, இதயம் நான் நினைத்திருந்ததைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று திகைத்துப்போனேன். முன்னங்கால்களுக்கு இடையே, நெஞ்செலும்பை ஒட்டி, ஏறக்குறைய முழங்கை மூட்டின் மட்டத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. படங்களில் இதயத்தை உடலின் நடு உயரத்தில் வரைந்து பழகிய கண்ணுக்கு அது நம்ப முடியாத இடம்.

மேல்பக்கத்திலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. தோளுக்கு மேலே திமில்போல் உயர்ந்து தெரியும் பகுதியில் தண்டுவடம் இல்லை. முள்ளெலும்புகளிலிருந்து மேல்நோக்கி நீளும் எலும்புத் தகடுகளும் அவற்றின் மேல் சதையும்தான் அங்கே இருக்கின்றன. தண்டுவடம் அதற்கு வெகு கீழே ஓடுகிறது. கொஞ்சம் உயரமாகப் பட்ட குண்டு அந்தத் தகடுகளைத் தட்டினால், விலங்கு வெட்டிய மரம்போல அந்த இடத்திலேயே சாயும். வேட்டைக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போது அது எழுந்து ஓடிவிடும். பிறகு தடமும் கிடைக்காது, இரத்தமும் கிடைக்காது. சுட்டதும் சுருண்டு விழுந்த விலங்கின் மேல் அடுத்த தோட்டா ஏற்றிய ரைஃபிளைச் சிறிது நேரம் குறிவைத்தபடியே இருக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் எல்க்கிற்கு வருவோம். முழுப் பக்கவாட்டாக நிற்கும் விலங்கில் முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போய், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால், குண்டு இரண்டு நுரையீரலையும் இதயத்தின் மேலுள்ள பெரிய இரத்தக் குழாய்களையும் சந்திக்கும். எல்க்கில் அந்தப் பகுதி முக்கால் முழத்துக்குக் குறையாத அகலம் உடையது. சற்றுப் பிசகினாலும் மன்னிக்கும். தோள்பட்டைத் தகடு அதற்கு மேலும் முன்னாலும் இருப்பதால் கனத்த எலும்பைத் தொடவே தேவையில்லை. அந்த நிலையில் உங்கள் மெல்லுறைக் குண்டும் வேலையை முடித்திருக்கும்.

நம்மை நோக்கித் திரும்பி நிற்கும்போது கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. தோலின் மேல் ஒரு புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குண்டு எந்த இடத்தில் வெளியேற வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி ஒரு கோடு இழுத்து, அது நம் பக்கத்தில் எங்கே வருகிறதோ அங்கே குறிவைக்க வேண்டும். நம்மை விட்டு விலகித் திரும்பி நிற்கும் விலங்கில் மறுபக்க முன்னங்காலை மனக்கண்ணால் பார்த்து அதை நோக்கிச் சுடுவது எளிது. குண்டு விலாக்களுக்கு இடையே நுழைந்து நெஞ்சை நீளவாக்கில் கடக்கும். நம்மை நோக்கித் திரும்பியதில் அந்தக் கோடு தோள் முனைக்கும் நெஞ்சின் நடுவுக்கும் இடையே வந்து விழும். நீங்கள் தோளின் நடுவில் வைத்ததால், குண்டு மிகக் கனத்த எலும்பை மிகக் கனத்த இடத்தில் சந்தித்தது. அதைக் கடந்து சிதறாமல் போயிருந்தாலும், நெஞ்சின் நடுவை விட்டு விலகி ஒரு பக்க நுரையீரலையும் கல்லீரலையும் மட்டுமே தொட்டிருக்கக்கூடும். அந்த நிலையில் மெல்லுறைக் குண்டோடு நான் சுடமாட்டேன். எல்க் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் கோணம் மாறும், அதற்குக் காத்திருப்பேன். திரும்பாமலேயே போய்விட்டால் போகட்டும்.

இதே பேச்சில் யானை வேட்டைக்காரர் பெல் அவர்களின் பெயரை எவராவது எடுப்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிறிய 7 மி.மீ. ரைஃபிளால் அவர் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்பது உண்மை. ஆனால் அவர் பயன்படுத்தியது விரியாத, முழு உறையிட்ட, 173 கிரெய்ன் நீள் குண்டு. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பிளந்து மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணத்திலும் மனத்தில் பதித்துக்கொண்ட பிறகே அப்படிச் சுட்டார். சிறு ரைஃபிள் போதும் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அந்த அறுத்த மண்டையோட்டை மறந்துவிடுகிறார்கள்.

விடியற்பனி எழுதியது:

மிஞ்சிய எடையைப் பற்றி ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன், கருங்காலி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். எடை நிறைய மிஞ்சினால் நல்ல குண்டு, குறைவாக மிஞ்சினால் கெட்ட குண்டு என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன், எப்படி இழந்தது என்பதுதான் கேள்வி.

மலையோரன் அவர்களின் கதையைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லரின் கதை. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தால் ஒரு பெரிய மூஸைச் சுட்டபோது, வேகமான அந்தக் குண்டுகள் சேறு காய்ந்து அப்பியிருந்த தோளில் பட்டு ஆழம் போகாமல் நொறுங்கின. ஊர் திரும்பியவர் ரைஃபிளை மாற்றவில்லை, குண்டை மாற்றினார். நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்னறையிலும் பின்னறையிலும் தனித்தனியே ஈயம் நிரப்பினார். முன்னறை விரிந்து சிதறினாலும் பின்னறை தடுப்புக்குப் பின்னால் முழுதாக நின்று உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. அது வழக்கமாக எடையில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், இழக்கும்படியாகவே செய்யப்பட்டது. எவ்வளவு இழக்கும் என்று முன்பே தெரிவதால் அந்த இழப்பு குறை ஆகாது. உங்கள் குண்டு இழந்ததற்கு அப்படி ஓர் எல்லை இருக்கவில்லை.

இரண்டாவது வழி, உறையையும் ஈயத்தையும் ஒன்றோடொன்று பற்றவைத்த பாண்டட் குண்டுகள். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் எக்ஸ் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. மூக்கிலுள்ள குழிக்குள் ஈரமான சதை அழுத்தப்படும்போது அது நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி மடிகிறது. என் மேசையில் இப்படி ஒன்று இருக்கிறது: எல்க்கின் மறுபக்கத் தோலுக்கு அடியில், திராட்சைபோல் புடைத்துக்கொண்டு நின்றதை அறுத்து எடுத்தேன். நான்கு இதழ்களும் ஒரே அளவில் மடிந்து, ஒன்றின் நுனியில் மட்டும் எலும்பு உரசிய பளபளப்பு தெரிகிறது. 150 கிரெய்னில் 148 மிஞ்சியிருக்கிறது.

ஆனால் செம்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது. விரிவதற்கு வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகளுக்குப் படும் வேகம் விநாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குக் கீழே சரியாக விரியாமல் பென்சில் துளைத்ததுபோல் கடந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் 7 மி.மீ. மேக்னத்துக்கு நீங்கள் சுடும் தொலைவுகளில் அது ஒரு தடையே அல்ல. கிட்டத்தில் கிடைக்கும் அந்த மிகை வேகம் மெல்லுறைக் குண்டுக்குப் பகை, செம்புக்கு நட்பு. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அதோடு அது எடையை அதிகம் இழப்பதில்லை, ஆகவே எடையைக் கூட்ட வேண்டியதில்லை. 140 கிரெய்னே உங்களுக்குப் போதும்.

ஈயத்தின் நச்சுத்தன்மையையும் மறக்க வேண்டாம்; அதனால்தான் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. நீங்கள் விவரித்த அந்த இரத்தக் கூழில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் கையகலத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். அந்த இறைச்சியைக் குழந்தைகளுக்குத் தருபவர் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள்.

மலையோரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழந்தடம் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு, அன்று எடுத்த படங்களை மீண்டும் பார்த்தேன். விலங்கு நான் நினைத்ததைவிட அதிகமாகவே என்னை நோக்கித் திரும்பியிருந்திருக்கிறது. முறிந்த விலா எலும்பு பின்பக்கமாகத் தள்ளி இருப்பது இப்போதுதான் புரிகிறது. ரைஃபிளை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். 140 கிரெய்ன் செம்புக் குண்டுக்கு மாறுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. புதிய குண்டுக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மீண்டும் சரிசெய்ய வேண்டுமா? ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது சரிதானா?

விடியற்பனி எழுதியது:

கட்டாயம் சரிசெய்ய வேண்டும். எடையும் நீளமும் குழலில் உரசும் விதமும் வேறாக இருப்பதால், 100 மீட்டரில் படும் இடம் சில அங்குலம் தள்ளிப்போவது இயல்பு. முதலில் குழலில் படிந்துள்ள பழைய செம்புப் படிவை நன்றாகத் துடைத்து எடுங்கள். பிறகு ஒன்றிரண்டு தயாரிப்புகளை வாங்கி உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். மேசையில் வைத்துச் சுட்டது போதாது. காட்டில் எந்த நிலையில் சுடுவீர்களோ, மண்டியிட்டோ மரத்தில் சாய்ந்தோ, அந்த நிலையில் பயிற்சி எடுங்கள். செம்புக் குண்டு பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறும் என்பதை மறக்க வேண்டாம். எல்க் கூட்டமாக நிற்கும் விலங்கு. பின்னால் இன்னொன்று நிற்கிறதா, குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது.

பழந்தடம் எழுதியது:

காத்திருப்பது பொதுவாகச் சரியே தம்பி, ஆனால் எவ்வளவு நேரம் என்பதை இரத்தம் சொல்ல வேண்டும், கடிகாரம் அல்ல. விலங்கு நின்ற இடத்துக்குப் போய் முதலில் அங்கே என்ன சிந்தியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக, சிறு நுரைக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும், விலங்கு அதற்குள் அருகிலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். பச்சை நிறத்தில் அரைத்த புல்லும் கடும் நாற்றமும் கலந்திருந்தால் வயிறு. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தொடவே கூடாது, எழுப்பிவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். உங்களுடையதுபோல் எலும்புச் சில்லும் பளிச்சென்ற சிவப்பு இரத்தமும் தொடக்கத்தில் நிறைய இருந்து, போகப் போகக் குறைந்துகொண்டே வந்தால் அது சதைக் காயம் அல்லது கால் காயம். அந்த ஒரு வகையில் மட்டும் அதிகம் காத்திருக்காமல், இரண்டாவது குண்டுக்கு ஆயத்தமாக, மெதுவாகப் பின்தொடர்வது நல்லது.

இரத்தத்தின் உயரத்தையும் பாருங்கள். செடிகளில் உங்கள் இடுப்பு உயரத்தில், தடத்தின் இரு பக்கமும் இலைகளில் தீற்றியிருந்தால், குண்டு உடலைக் கடந்து வெளியேறியிருக்கிறது, இரண்டு துளைகளிலிருந்தும் வடிகிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் குண்டு பெரும்பாலும் உள்ளேயே நின்றிருக்கும். அன்று நீங்கள் பார்த்த இலைகளில் இரத்தம் எந்தப் பக்கம் இருந்தது?

மலையோரன் எழுதியது:

இடப்பக்கம் மட்டும்தான் ஐயா, அதுவும் முழங்கால் உயரத்தில். அன்று அதைப் பார்த்தேன், ஆனால் படிக்கத் தெரியவில்லை.